ருத்ராட்சம் முங்கினால்தான் அசலா? ஹவாய் போய் வந்தவருக்கு ஒரு கேள்வி

நாகலூர்க்காரன்:
அம்மாப்பேட்டை அய்யா முந்தாநாள் போட்ட பதிவைப் படிச்சதிலிருந்து மனசு ஆறலை. அமெரிக்காவுல மகன் வீட்டுக்குப் போனவர், ஹவாயில கவாய் தீவுக்கும் போயிருக்கார். சிவாய சுப்பிரமுனியசுவாமி தொடங்கின மடத்துல ருத்ராட்ச வனம் பார்த்திருக்கார். நல்ல விஷயம். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகிட்ட தீட்சை வாங்கின அமெரிக்கர் அந்த சுப்பிரமுனியசுவாமி. கையெடுத்துக் கும்பிட வேண்டிய இடம். ஆனா முடிவுல என்ன எழுதியிருக்கார்? "அங்க வாங்கின மணி தண்ணியில முங்குது, ஏற்காட்டுல வாங்கினது மிதக்குது, அதனால சேர்வராயன் மலையில அசல் ருத்ராட்சமே கிடையாது." ஏற்காடும் எங்க நாகலூரும் இருக்கிறதே சேர்வராயன் மலையிலதான். இங்க எங்க காப்பித் தோட்டத்து ஓரத்துல எங்கப்பா நட்ட ருத்ராட்ச மரம் நிக்குது. நீலப் பழம் கொட்டுது. அப்ப அது என்ன மரமுங்க?

அம்மாப்பேட்டை அய்யா:
தம்பி, நான் கண்ணால பார்த்ததைத்தான் எழுதினேன். 108 மரம் நட்டு வளர்த்த காடு அது. அடிமரத்துல வேர் பலகை பலகையா நிமிர்ந்து நிக்குது. உள்ள போனா வெயிலே தெரியலை. செருப்பைக் கழட்டிட்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்னேன். ஏற்காடு ஏரிக்கரையில 300 ரூபாய்க்கு வாங்கின மாலையையும் அங்க வாங்கினதையும் ஒரே சொம்புல போட்டேன். ஒண்ணு முங்குச்சு, ஒண்ணு மிதந்துச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

நாகலூர்க்காரன்:
ஏரிக்கரைக் கடையில வாங்கினா அது ஏற்காட்டு மரத்துல காய்ச்சதுன்னு ஆயிடுமா? அங்க விக்கிறது பெரும்பாலும் வெளியிலிருந்து வர்ற சரக்கு. நேபாளத்திலிருந்து வருது, இந்தோனேசியாவிலிருந்து வருது. கடைக்காரர்கிட்ட கேட்டீங்களா? கேக்கலை. மலை மேல பழியைப் போட்டுட்டீங்க.

செடிகொடி டீச்சர்:
ரெண்டு பேருமே கொஞ்சம் கேளுங்க. முங்குறதும் மிதக்குறதும் அசலா போலியான்னு சொல்லாது. நல்லா முத்தின கொட்டை, எண்ணெய் ஊறினது எல்லாம் கனமா இருக்கும், முங்கும். பிஞ்சுல உதிர்ந்தது, காய்ஞ்சு போனது மிதக்கும். போலி மணிக்குள்ள ஈயம் வச்சா அதுவும் முங்கும். மணி மேல மேலிருந்து கீழ ஓடுற பள்ளக் கோட்டைத்தான் முகம்னு எண்ணுவாங்க. குறுக்கே அறுத்துப் பார்த்தா எத்தனை முகமோ அத்தனை அறை உள்ளே இருக்கும். வெளியே கோடு செதுக்கி முகத்தைக் கூட்டினது அதுல மாட்டிக்கும். இன்னொரு விஷயம், நம்ம பக்கம் ரோட்டோரத்துல "ருத்ராட்ச மரம்"னு காட்டுறது நிறைய இடத்துல தேன்காய் மரம். அமெரிக்க வெப்ப நாடுகள்லேருந்து வந்தது. காய் கறுத்து, சொரசொரன்னு இருக்கும்.

நாகலூர்க்காரன்:
டீச்சர், எங்கப்பா நட்டது தேன்காய் மரமா? நீங்க வந்து பார்த்தீங்களா?

செடிகொடி டீச்சர்:
உங்க மரத்தை நான் சொல்லவே இல்லை. பழம் நீலமா இருந்தா அது ருத்ராட்ச இனமா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ருத்ராட்சப் பழத்து நீலம் சாயத்தால வர்றதில்லை. பழத்தோலுக்குள்ள இருக்கிற மெல்லிய அடுக்குகள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புறதால வர்ற நிறம். டேவிட் லீங்கிற தாவரவியல் ஆய்வாளர் 1991-ல எழுதி வச்சிருக்கார்.

அம்மாப்பேட்டை அய்யா:
டீச்சர் அறுக்கச் சொல்றாங்க. சிவபெருமான் கண்ணீரைக் கத்தியால அறுக்கிறதா? எங்க வீட்டுல அது நடக்காது. நாகலூர்த் தம்பி தன் மரத்து மணி முங்குச்சா இல்லையான்னு இன்னும் சொல்லலை பாருங்க.

கொண்டலாம்பட்டி:
மலைக்காரங்க கோபப்படறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிங்க. இமயமலை அடிவாரத்துலயும் ஜாவாவுலயும் வளர்ற மரம் சேர்வராயன் மலைக்கு எப்படி வந்துச்சு? யாரோ கொண்டாந்து நட்டதுதானே. கவாய் தீவு மலை உச்சியில வருஷத்துக்குச் சுமார் 10,000 மில்லிமீட்டர் மழை. ஏற்காட்டுல அதுல கால்வாசி கூட இல்லை. அந்த மரத்துக்கும் இந்த மரத்துக்கும் எப்படிங்க சமமாகும்?

நாகலூர்க்காரன்:
கவாய்ல மட்டும் தானா முளைச்சுதா? அங்கேயும் நட்டதுதான்! அய்யாவே 108 மரம் நட்டாங்கன்னு எழுதியிருக்கார். காப்பி கூட 1820-கள்ல கலெக்டர் காக்பர்ன் கொண்டாந்தது. இன்னைக்கு ஏற்காட்டுக் காப்பின்னு ஊரே குடிக்குது. அப்ப மட்டும் "யாரோ நட்டது"ன்னு யாரும் சொல்றதில்லையே. குன்னூர் சிம்ஸ் பூங்காவுல ருத்ராட்ச மரம் நிக்குது, போய்ப் பாருங்க. அங்க வளரும், எங்க மலையில வளராதா?

இன்னொன்னும் சொல்லணும். சேர்வராயன் குகைக்கோயிலுக்கு மே மாசத் திருவிழாவுல நாங்க காலங்காலமா போறோம். கோயில்காட்டுல காய்ஞ்ச சுள்ளி கூட எடுக்க மாட்டோம். கார்ல வர்றவங்க அங்க பிளாஸ்டிக் தட்டை வீசிட்டுப் போறாங்க. ஹவாயில செருப்பைக் கழட்டுற பக்தி நம்ம மலையில எங்கே போச்சு?

கொண்டலாம்பட்டி:
அப்ப எங்களை மாதிரி சேலம் டவுன்காரங்க எல்லாம் குப்பை போடறவங்களா? திருவிழாக் கடை போடுற உங்க ஊர்க்காரங்க என்ன பண்றாங்கன்னு நானும் பார்த்திருக்கேன்.

நாகலூர்க்காரன்:
பேச்சை மாத்தாதீங்க. அலுமினியம் எடுக்கிற பாக்சைட்டுக்காக இந்த மலையைத் தோண்டினப்ப உங்க பக்கத்துலேருந்து எத்தனை பேர் வாயைத் திறந்தாங்க? இப்ப மணி முங்கலைன்னு மட்டும் எழுத வந்துட்டீங்க.

செடிகொடி டீச்சர்:
பாக்சைட்டுக்கும் மணிக்கும் என்ன சம்பந்தம்? மரத்தோட இலையையும் பழத்தையும் படம் எடுத்துப் போடுங்க, பார்த்துச் சொல்றேன்னுதானே கேக்கறேன்.

நாகலூர்க்காரன்:
எங்கப்பா நட்ட மரத்துக்கு யார்கிட்டயும் சான்றிதழ் வாங்க வேண்டியதில்லைங்க டீச்சர்.

அம்மாப்பேட்டை அய்யா:
தம்பி இவ்வளவு பேசறதுக்கு, அந்த மரத்து மணி ஒண்ணை எடுத்து ஒரு சொம்புத் தண்ணியில போட்டிருக்கலாம். ஏன் போடலை?

நாகலூர்க்காரன்:
போட மாட்டேன். முங்கினா "ஈயம் வச்சிருக்கான்"னு சொல்லுவீங்க, மிதந்தா "பார்த்தியா"ன்னு சொல்லுவீங்க. போன வருஷம் மலைப் பலாவைப் பண்ருட்டிப் பலான்னு சாதிச்சவர்தானே நீங்க. அன்னைக்கே உங்ககிட்ட பேசியிருக்கக் கூடாது. முதல்ல சிம்ஸ் பூங்கா மரத்துக்குப் பதில் சொல்லுங்க.

அம்மாப்பேட்டை அய்யா:
பலாவை ஏன் இழுக்கறீங்க? அது பண்ருட்டிப் பலாதான். இன்னைக்கும் அதைத்தான் சொல்றேன்.