அயர்லாந்து ஆங்கிலத்தின் உட்கேள்விகள்: வாக்கியங்களைச் சோதிக்க உதவி தேவை

வணக்கம். பொது ஆங்கிலக் கேள்விகளில் துணைவினை ('இஸ்', 'டிட்' போன்றவை) எழுவாயைத் தாண்டி முன்னால் வருவது தனிக் கேள்வியில்தான். இன்னொரு வாக்கியத்துக்குள் அடங்கிய உட்கேள்வி என்றால் 'ஐ வொண்டர் இஃப் ஹீ இஸ் கமிங்'. அயர்லாந்திலோ 'ஐ வொண்டர் இஸ் ஹீ கமிங்' சாதாரணப் பேச்சு. அங்கேயும் 'இஃப்' வந்துவிட்டால் துணைவினை முன்னால் வரும் இந்த இடமாற்றம் கிடையாது. 'இஃப்', துணைவினை இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன என்பது வழக்கமான விளக்கம்.

உட்கேள்விக்கு முன் வரும் வினைச்சொல்லும் முக்கியம். ஆஸ்க், வொண்டர் இடமாற்றத்தை ஏற்கும். 'ஐ ஃபவுண்ட் அவுட் ஹவ் டிட் தே கெட் இன்' என்றால் பலர் மறுப்பார்கள். ஆனால் 'டூ யூ ரிமெம்பர் டிட் தே லிவ் ஹியர்' என உட்கேள்வியைத் தாங்கும் மேல்வாக்கியமே கேள்வியானால் மறுபடி சரியாகிவிடுகிறது! எங்களுக்குத் தரவு தேவைப்படுவது இங்கேதான்.

பெல்ஃபாஸ்ட், டப்ளின், கார்க் பக்கம் இருப்பவர்கள், அங்கேயே வளர்ந்தவர்களிடம் இவற்றை வாசித்துக் காட்டி 1 முதல் 5 வரை மதிப்பெண் வாங்கித் தர முடியுமா? எழுத்தில் காட்ட வேண்டாம். பள்ளி இலக்கணம் குறுக்கே வரும். 'ஷீ ஆஸ்க்ட் மீ, ஆர் யூ கமிங்' நேர்க்கூற்று, அதைச் சேர்த்தால் முடிவு கெடும். 'ஷீ ஆஸ்க்ட் மீ வாஸ் ஐ கமிங்' என்று காலமும் ('ஆர்' 'வாஸ்' ஆக), தன்மை-முன்னிலை இடமும் ('யூ' 'ஐ' ஆக) மாறியிருந்தால்தான் அது உட்கேள்வி. சொன்னவர் வளர்ந்த ஊரையும் குறிப்பிடுங்கள்.