கன்றை அண்டவிடாத தலையீற்றுப் பசு: கொடுங்கையூரில் உடனே உதவி தேவை

எங்கள் லட்சுமி இன்று விடியற்காலையில் கிடாரிக் கன்று ஈன்றிருக்கிறாள். தலையீற்று. நஞ்சுக்கொடி முழுதாக விழுந்துவிட்டது, கன்றின் தொப்புளுக்கு அயோடின் வைத்தாயிற்று. ஆனால் கன்று மடியருகே போனாலே உதைக்கிறாள். மடி கல்லாக இறுகிக் கிடக்கிறது. காம்பில் விரல் பட்டதும் தோல் சிலிர்த்து உடம்பை ஒடுக்கிக்கொள்கிறாள். அம்மா கழுத்தைத் தடவிக்கொடுக்க, நான் கறந்தது ஒரு டம்ளர் சீம்பால்தான்.

கன்று 25 கிலோ இருக்கும். எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டரை லிட்டராவது இன்றைக்குள் உள்ளே போக வேண்டும். ஒரு நாள் கடந்துவிட்டால் சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்புச் சக்தியைக் கன்றின் குடல் ஏற்காது. அதுதான் பதற்றம்.

கால்நடை அவசர உதவி எண் 1962க்குச் சொல்லியிருக்கிறோம். மருத்துவர் வரும்வரை, வியாசர்பாடி, எருக்கஞ்சேரி, மாதவரம் பக்கம் தலையீற்று மாட்டைப் பழக்கிக் கறக்கத் தெரிந்த அண்ணன்கள், அக்காக்கள் யாராவது வர முடியுமா? புதிதாக ஈன்ற பசு வைத்திருப்பவர்கள் சீம்பால் கொடுத்தாலும் பெரிய உதவி. பாத்திரத்தோடு நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். கன்றுக்குப் பாலூட்டும் ரப்பர் காம்பு வைத்த புட்டி இருந்தாலும் சொல்லுங்கள். மடிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாமா?