மறுமொழி: சாம்பிளிங் என்பதற்கு ‘மாதிரி’ சரிதானா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

நம் இசைக் கலைச்சொல் பட்டியலில் ‘சாம்பிளிங்’ என்பதற்கு, அதாவது பழைய பதிவிலிருந்து ஒரு துணுக்கை வெட்டிப் புதிய பாட்டில் சேர்ப்பதற்கு, எதிரே ‘மாதிரியெடுப்பு’ என்று போட்டிருக்கிறோம். இரண்டு நாளாக அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதை எடுத்துவிடலாமா என்று கேட்கத்தான் இந்த மடல்.

போன வாரம் பாபநாசத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான், ராப் எழுதுகிறான். மேட்டூர் திறந்து இத்தனை நாளாகியும் கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று ஒரு பாட்டு. வரிகள் நெஞ்சைப் பிடித்தன. தாளம் யார் போட்டது என்று கேட்டேன். “சாம்பிள் பண்ணினேன் மாமா” என்றான். பார்த்தால், ஓர் அமெரிக்கப் பாடகரின் பெயரைச் சேர்த்து ‘டைப் பீட்’ என்று யூடியூபில் கிடக்கும் ஆயத்தத் தாளம். அதை அப்படியே இறக்கி அதன்மேல் பாடியிருக்கிறான். மாயவரத்துப் பையன் ஒருவன் அதே தாளத்தில் பாடியதையும் அவனே போட்டுக் காட்டினான். முதல் அரை நிமிடம் எது யாருடையது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அத்தானின் அப்பா நாற்பது வருடம் கோயில்களில் தவில் வாசித்தவர். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் இதையெல்லாம் கேட்டோம்.

பையன் பொய் சொல்லவில்லை. அவன் செய்ததற்கும் சாம்பிளிங்குக்கும் தனித்தனிச் சொல் அவனிடம் இல்லை. நம் பட்டியலிலும் இல்லை.

‘மாதிரி’ என்றால் நம் பேச்சில் ‘போல’ என்று பொருள். அவர் மாதிரி பாடுகிறான், இவர் மாதிரி நடக்கிறான் என்கிறோம். சாம்பிளிங் இன்னொன்றைப் போலச் செய்வது அல்ல. அந்த ஒலியையே வெட்டி எடுப்பது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் என்பவர் இசைத்தட்டுகளை ஓட்டிய விருந்திலிருந்துதான் ஹிப்ஹாப்பின் கதையைச் சொல்லத் தொடங்குவார்கள். பாட்டில் பாடகர் நிறுத்தி, தாளம் மட்டும் ஓடும் சில நொடிகளைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி அந்த நொடிகளை நீட்டினார். அதில் ‘போல’ எங்கே இருக்கிறது?

1987-இல் வந்த எஸ்பி-1200 என்ற சாம்பிளிங் கருவியில் மொத்தமே பத்து நொடி ஒலிதான் பிடிக்கும். அதனால் நிமிடத்துக்கு 33 சுற்றில் ஓடவேண்டிய தட்டை 45-இல் ஓட்டி, வேகமாகப் பிடித்து, கருவிக்குள் மெதுவாக்கினார்கள். ஒலி கரகரத்தது. அந்தக் கரகரப்பே ஒரு காலத்து ஹிப்ஹாப்பின் குரலாகிவிட்டது. பத்து நொடிக்குள் எதை எடுப்பது, எங்கே வெட்டுவது, எதன்மேல் எதை வைப்பது என்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். இந்தக் கலைக்கும் ‘மாதிரி’, டைப் பீட்டுக்கும் ‘மாதிரி’ என்றால் படிக்கிறவன் இரண்டையும் ஒன்றாகத்தான் நினைப்பான். (நொடிக்கு 44,100 முறை ஒலியை அளப்பதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். அது பொறியியல், அங்கே ‘மாதிரி’ இருந்துவிட்டுப் போகட்டும்.)

அந்தக் கலை குன்றியதற்குச் சோம்பேறித்தனத்தை மட்டும் காரணம் சொல்ல முடியாது. 1991-இல் அனுமதியின்றிச் சாம்பிள் செய்ததாக ராப் பாடகர் பிஸ் மார்க்கி மீது வந்த வழக்கில் நியூயார்க் நீதிபதி ‘திருடாதே’ என்ற பைபிள் கட்டளையோடு தீர்ப்பைத் தொடங்கினார். அதன்பிறகு ஒவ்வொரு துணுக்குக்கும் முன்கூட்டியே அனுமதி, ஒவ்வொன்றுக்கும் பணம். ஒரு பாட்டில் பத்துப் பன்னிரண்டு துணுக்குகளை அடுக்குவது கட்டுப்படியாகாமல் போயிற்று. டி லா சோல் என்ற ஹிப்ஹாப் குழு அப்படி அடுக்கிச் செய்த 1989 ஆல்பம் 2023 மார்ச்சில்தான் இணையச் சேவைகளுக்கு வர முடிந்தது. பயம் ஒரு பக்கம், ஆயத்தத் தாளத்தின் மலிவு இன்னொரு பக்கம். எல்லாப் பாட்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல ஒலிப்பதற்கு இந்த இரண்டும் காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, சொற்களுக்கு வருகிறேன்.

டைப் பீட்டுக்கு ‘மாதிரித்தாளம்’. ‘மாதிரி’ உட்கார வேண்டிய இடம் இதுதான். இன்னாரைப் போல என்று சொல்லியே விற்கும் பண்டம் அது.

பழைய பாட்டை அப்படியே எடுக்காமல் ஆள் வைத்துத் திரும்ப வாசித்துச் சேர்ப்பது இன்னொன்று. 1979-இல் சுகர்ஹில் கேங் வெளியிட்ட முதல் பெரிய ராப் பாட்டு ஷிக் குழுவின் மெட்டை அப்படித்தான் எடுத்துக்கொண்டது. இதற்கு நாம் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை. பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களில் பாட்டின் தலைப்பிலேயே ‘வர்ணமெட்டு’ என்று அச்சிட்டு மூலப்பாட்டைச் சொல்லியிருப்பார்கள். திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயர் மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் எழுதியதும் இந்த வகைதான். மெட்டு வாங்கிய இடத்தைச் சொல்வது நம் ஊரில் பழைய மரியாதை.

அதே 1979 பாட்டில் கிராண்ட்மாஸ்டர் காஸ் என்ற ராப்பரின் வரிகளை இன்னொருவர் எடுத்துப் பாடினார். காஸ் தன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும் இடத்தைக்கூட மாற்றவில்லை. ஹிப்ஹாப்காரர்கள் இதைக் ‘கடித்தல்’ என்று பழிப்பார்கள். நம் பழைய சொல் ‘கள்ளக்கவி’. பிறர் கவியைத் தன்னதென்று சொல்கிறவன். இதைவிடப் பொருத்தமாக என்ன கிடைக்கும்?

மிச்சம் இருப்பது சாம்பிளிங். என் பரிந்துரை ‘ஒலிநாற்று’. ஓரிடத்தில் வளர்ந்ததைப் பறித்து வேறு வயலில் நடுகிறோம். எடுத்த பாட்டு நாற்றங்கால், செயல் நடவு. நம் பக்கத்தில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. கருத்துச் சொல்லுங்கள்.

திருவையாற்றிலிருந்து

*

தம்பிக்கு,

‘மாதிரி’ பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் நாற்று ஒட்டவில்லை. நாற்றைப் பறித்தால் நாற்றங்கால் காலி. இங்கே பழைய பாட்டு இருந்த இடத்திலேயே முழுசாக இருக்கிறதே? மேலும், யாராவது இதை வைத்து ‘நாற்றிசை’ என்று எழுதினால் நாலு திசை என்று படிப்பார்கள்.

தோட்டத்தில் ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் பதியம் போடுவோம், பார்த்திருப்பீர்கள். கிளையை வளைத்து, லேசாகப் பட்டை சீவி, மண்ணுக்குள் அமுக்கி வைப்போம். வேர் விட்டதும் தாய்ச்செடியிலிருந்து வெட்டி வேறு இடத்தில் நடுவோம். தாய்ச்செடி அப்படியே நிற்கும். பதியத்தில் வந்த செடி அதன் மாதிரி அல்ல, அதே ரோஜாதான். மண்ணும் உரமும் மட்டும் வேறு. விதை போட்டால் வேறு குணம் வரலாம், பதியத்தில் வராது. ‘ஒலிப்பதியம்’ என்று வைத்துப் பாருங்கள்.

ஒரு வருத்தம். மாதிரித்தாளத்தில் பாடும் பிள்ளைகளைக் கள்ளக்கவி வரிசையில் நிறுத்திவிடாதீர்கள். கையில் காசில்லாத பையனுக்கு அதுதான் முதல் படிக்கட்டு.

மன்னார்குடி

*

ஐயா, வணக்கம்.

பதியத்துக்கு என் முழுச் சம்மதம். நாற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தாய்ச்செடி நிற்கிறது என்ற உங்கள் ஒரு வரியே போதும். அதை நான் யோசிக்கவே இல்லை.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். “இந்தப் பாட்டில் மூன்று பதியங்கள் இருக்கின்றன.” “அந்தத் தவில் துணுக்கைப் பதியமிட்டிருக்கிறார்.” “அனுமதி வாங்காத பதியம்.” மூன்றும் தட்டாமல் ஓடுகின்றன. ‘ஒலிப்பதியம்’, ‘ஒலிப்பதிவு’ இரண்டும் பக்கத்தில் வந்தால் அச்சுப்பிழையாகத் தெரியும். அதனால் பட்டியலில் ‘ஒலிப்பதியம்’, புழக்கத்தில் வெறும் ‘பதியம்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

மூலப்பாட்டுக்குத் ‘தாய்ப்பாட்டு’ என்று சேர்க்க விரும்புகிறேன். தி வின்ஸ்டன்ஸ் குழுவின் 1969 பதிவு ஒன்றில் கிரிகரி கோல்மன் தனியாக வாசித்த ஆறு நொடி டிரம்ஸ் ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்குள் ஓடுகிறது. அதற்காக ஒரு காசும் கிடைக்காமலே அவர் 2006-இல் இறந்தார். பதியம் என்று எழுதும்போதெல்லாம் தாய்ப்பாட்டு எது, வாசித்தவர் யார் என்ற கேள்வியும் கூடவே வந்தால் எனக்கு நிம்மதி.

படிக்கட்டு பற்றிச் சொன்னதையும் ஏற்கிறேன். அமெரிக்க ராப்பர் லில் நாஸ் எக்ஸ் 30 டாலருக்கு வாங்கிய தாளத்தில் பாடிய பாட்டு 2019-இல் அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையில் 19 வாரம் முதலிடத்தில் இருந்தது. விளக்கக் குறிப்பில் மாதிரித்தாளத்துக்குப் பழிச்சொல் எதுவும் போடமாட்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி. பதியத்தைச் சின்னச் சின்னதாக வெட்டி வரிசை மாற்றி அடுக்குவதைச் ‘சாப்’ என்கிறார்கள். தற்காலிகமாக ‘நறுக்கு’ என்று குறித்திருக்கிறேன், மனசுக்கு ஒப்பவில்லை. தவில்காரர்களிடம் இதற்குச் சொல் இருக்கக்கூடும். ஞாயிற்றுக்கிழமை பாபநாசம் போகிறேன், அத்தானின் அப்பாவிடம் கேட்டு எழுதுகிறேன்.

திருவையாற்றிலிருந்து