ஜெர்மனி பையர் லேப் டிப்பை மறுபடியும் திருப்பி அனுப்பிவிட்டார் – அவசர உதவி தேவை

நூல்முனை | 2021 டிசம்பர் 7, இரவு 11.40
அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக (ஆர்டரைப் பையருக்கும் பட்டறைக்கும் இடையே நடத்துபவர்) இருக்கிறேன். ஜெர்மனி பையரிடம் (ஆடை வாங்கும் நிறுவனம்) ஒரே ஒரு ஷேடுக்கு, அதாவது நிறத்துக்கு, லேப் டிப் (ஆய்வகத்தில் சாயமிட்ட மாதிரித் துண்டு) ஒப்புதல் கிடைக்காமல் இழுக்கிறது. முதலில் சிவப்பு தூக்கலாக இருக்கிறது என்றார்கள். சிவப்பைக் குறைத்து அனுப்பினோம். இப்போது பச்சையடிக்கிறது என்கிறார்கள். எங்கள் கண்ணுக்கு நாங்கள் அனுப்பிய ஏ, பி, சி மூன்று டிப்புகளுமே ஸ்டாண்டர்டுடன் (ஒப்பிட வேண்டிய மூல நிறம்) ஒட்டித்தான் நிற்கின்றன. துணி சாயத்துக்குப் போக முடியாமல் கிடங்கில் கிடக்கிறது. கப்பல் தேதி நெருங்குகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

வண்ணக்கூடம் | டிசம்பர் 8, காலை 7.15
தம்பி, எந்த ஷேடு? என்ன துணி? எந்த வகைச் சாயம்? ஸ்டாண்டர்டு எது, பேண்டோன் நிற அட்டை எண்ணா, பையர் கொடுத்த துணித்துண்டா? எந்த வெளிச்சத்தில் பார்த்தீர்கள்? இதெல்லாம் தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

நொய்யல்கரை | காலை 8.02
தண்ணீரைப் பாருங்கள். 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரைச் சுத்திகரித்து, அதில் மீளும் உப்புக் கரைசலையே மறுபடியும் சாயத்துக்கு எடுக்கிறோம். அந்தக் கரைசலில் கடினத்தன்மை கொஞ்சம் மிஞ்சினாலும் ரியாக்டிவ் சாயம் ஷேடு மாறும். பட்டறையில் உப்புநீர் சோதனை அறிக்கையைக் கேளுங்கள்.

கரூர்த்தறி | காலை 8.30
ஜெர்மனியில் பையரின் ஆட்கள் அலுவலகத்துக்கு வருகிறார்களா, வீட்டிலிருந்து பார்க்கிறார்களா? அதைச் சொல்லவில்லையே.

அவிநாசி சாலை | காலை 9.10
இங்கே இந்தக் கேள்வி மாதம் ஒரு முறை வருகிறது. இந்தத் தளத்தின் பழைய விவாதங்களைப் படித்துவிட்டு வந்திருந்தால் பாதிப் பதில் கிடைத்திருக்கும். நான் தொழிலுக்கு வந்த காலத்தில் மெர்ச்சண்டைசர் முதலில் சாயப்பட்டறையில் நின்று கற்றுக்கொள்வார். இன்று கணினி முன் உட்கார்ந்து மின்னஞ்சலைப் பட்டறைக்கு அப்படியே தள்ளிவிடுகிறார்கள். ‘சிவப்பு’ என்று பையர் சொன்னால் உடனே சிவப்பைக் குறைப்பதா? எவ்வளவு, எந்த வெளிச்சத்தில் என்று திருப்பிக் கேட்க வேண்டாமா?

நூல்முனை | பகல் 1.25
கேட்ட விவரங்கள்: 100 சதவீதம் பருத்தி, சிங்கிள் ஜெர்சி, 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்). சாம்பல் கலந்த பச்சை. ரியாக்டிவ் சாயம். இங்கே லைட் பாக்ஸில் (நிறம் பார்க்கும் விளக்குப் பெட்டி) டி65 என்ற பகல் வெளிச்ச விளக்கில் பார்த்தோம். ஷேடு பார்க்கும் பையரின் டிசைனர் பெண் ஹாம்பர்க்கில் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறார். கூரியரும் அவர் வீட்டுக்கே போகிறது. முன்பு அலுவலக முகவரிக்கு அனுப்புவோம்.

வண்ணக்கூடம் | பகல் 2.00
ஸ்டாண்டர்டு எது என்று இன்னும் சொல்லவில்லை. அது முக்கியம். இன்னொன்று, சிவப்பு, பச்சை என்று சொன்ன அந்த இரண்டு மின்னஞ்சல்களும் எத்தனை மணிக்கு வந்தன?

நொய்யல்கரை | பகல் 2.20
மணி எதற்கு? உப்புநீர் அறிக்கையைப் பார்த்தார்களா என்பதுதான் என் கேள்வி.

வண்ணக்கூடம் | பகல் 2.41
நொய்யல்கரை அவர்களே, பல்க் சாயத்தில் (மொத்தத் துணிக்கும் போடும் சாயம்) நீங்கள் சொல்வது உண்மை, அங்கே நானே முதலில் தண்ணீரைத்தான் சந்தேகிப்பேன். இது லேப் டிப். ஆய்வகத்தில் சுத்தமான தண்ணீரிலும் புது உப்பிலும் போட்டது. தண்ணீர் கெட்டிருந்தால் குறை ஒரு பக்கமாகவே சாயும். இவருக்கு ஒருமுறை சிவப்பு, மறுமுறை பச்சை.

நூல்முனை | மாலை 4.05
சிவப்பு என்ற மின்னஞ்சல் நம் நேரம் இரவு 10.30. பச்சை என்றது பிற்பகல் 3.30. ஸ்டாண்டர்டு பையர் அனுப்பிய துணித்துண்டு, பாலியஸ்டர் என்று நினைக்கிறேன்.

வண்ணக்கூடம் | மாலை 4.50
நான் கேட்க நினைத்தது இதுதான். குளிர்காலத்தில் ஜெர்மனி நமக்கு நான்கரை மணி நேரம் பின்னால். இரவு 10.30 என்றால் அங்கே மாலை 6. டிசம்பரில் ஹாம்பர்க்கில் நான்கு மணிக்கே சூரியன் விழுந்துவிடும். ஆக, முதல் கருத்து வீட்டு விளக்கில் பார்த்துச் சொன்னது. வீட்டு எல்இடி பெரும்பாலும் மஞ்சள் சாய்ந்த 2700 கெல்வின் வெளிச்சம். இரண்டாவது, அங்கே காலை 11 மணிக்கு ஜன்னல் ஓரத்தில் பார்த்தது. இரண்டு கருத்தும் அந்தந்த வெளிச்சத்தில் சரியானவைதான்.

பாலியஸ்டரில் ஏறுவது டிஸ்பர்ஸ் சாயம், பருத்தியில் ரியாக்டிவ். சாயங்கள் வேறு என்பதால் அவை ஒளியை உறிஞ்சும் விதமும் வேறு. டி65-இல் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தாலும் விளக்கை மாற்றினால் பிரிந்துவிடும். இதுதான் மெட்டாமெரிசம். சாம்பல், ஆலிவ், காக்கி வகை ஷேடுகளில் இது அதிகம். மஞ்சள், சிவப்பு, நேவி மூன்றும் கலந்து வருபவை அவை. உங்கள் ஷேடில் சிவப்பு மிகக் குறைந்த அளவில்தான் விழும். அதை இம்மி அசைத்தாலும் மொத்தமும் புரளும். மாலைக் கருத்தைப் பார்த்துச் சிவப்பைக் குறைத்ததால் பகல் வெளிச்சத்தில் பச்சை வந்துவிட்டது.

கொங்குநூல் | மாலை 5.30
ஈரப்பதத்தையும் கவனியுங்கள். உலர்த்தியிலிருந்து எடுத்த சூட்டோடு ஷேடு பார்க்கக் கூடாது. 20 டிகிரி, 65 சதவீத ஈரப்பதத்தில் ஆறவிட்டுத்தான் அட்டையில் ஒட்ட வேண்டும். சாஃப்ட்னர் (மென்மையாக்கும் ரசாயனம்) கொடுத்த துணியா என்பதையும் பாருங்கள், அதுவும் ஷேடைக் கொஞ்சம் நகர்த்தும்.

அவிநாசி சாலை | மாலை 6.15
2020-க்கு முன்னால் பையரின் ஆள் இங்கே வந்து லைட் பாக்ஸ் முன் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். வேலை அன்றே முடியும். இப்போது அவர்கள் வீட்டில் வசதியாக இருக்க, கூரியர் செலவும் காத்திருப்பும் நம் தலையில். ‘வீட்டிலிருந்து வேலை’ என்ற ஏற்பாடு ஏற்றுமதியாளருக்கு நட்டம் மட்டுமே.

கரூர்த்தறி | மாலை 6.48
ஐயா, இதை ஏற்க மாட்டேன். எங்களைப் போன்ற சிறிய வீட்டு ஜவுளிக்காரர்களுக்கு இந்த ஏற்பாடுதான் கதவைத் திறந்தது. 2021 ஜனவரியில் பிராங்பர்ட்டின் ஹைம்டெக்ஸ்டில் என்ற வீட்டு ஜவுளிக் கண்காட்சி அரங்கில் நடக்கவே இல்லை. ஸ்டால் வாடகை, விமானம், ஹோட்டல் எதுவும் இல்லாமல் காணொளியிலேயே துணியைக் காட்டி ஆர்டர் எடுத்திருக்கிறோம். முன்பெல்லாம் கொள்முதல் பொறுப்பாளரின் ஐந்து நிமிடத்துக்காக வரவேற்பறையில் காத்துக் கிடப்போம். இன்று அவரே நேரம் குறித்து அழைக்கிறார்.

அவிநாசி சாலை | இரவு 7.05
காணொளியில் மேஜை விரிப்பு விற்கலாம் தம்பி. சாம்பல் பச்சையைத் திரையில் ஒப்புதல் வாங்க முடியாது. பின்னலாடையும் கரூர் சரக்கும் ஒன்றல்ல.

கரூர்த்தறி | இரவு 7.20
நாங்களும் சாயம் போட்டுத்தான் அனுப்புகிறோம். ஸ்பெக்ட்ரோ (நிறம் அளக்கும் கருவி) அளவை அனுப்பி டிஜிட்டல் ஒப்புதல் வாங்குகிறோம், நிற வித்தியாசத்தைக் குறிக்கும் டெல்டா ஈ 1-க்குள் இருந்தால் துணி அனுப்பாமலே வேலை நடக்கிறது. முடியாது என்று சொல்வதற்கு முன் ஒருமுறை முயன்று பாருங்கள்.

வண்ணக்கூடம் | இரவு 8.10
இருவரும் கொஞ்சம் பொறுங்கள், இவர் துணி கிடங்கில் கிடக்கிறது. டிஜிட்டல் ஒப்புதல் நல்ல வழிதான். ஆனால் இரண்டு பக்கமும் சரிபார்த்த கருவி வேண்டும், அந்தப் பெண்ணின் வீட்டில் ஸ்பெக்ட்ரோ இருக்காது. டெல்டா ஈ-யையும் டி65-க்கு மட்டும் பார்த்தால் போதாது. கடை டியூப்லைட்டைக் குறிக்கும் டிஎல்84-க்கும் (TL84) மஞ்சள் பல்பைக் குறிக்கும் ஏ விளக்குக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். மெட்டாமெரிசம் அங்கேதான் பிடிபடும்.

நூல்முனை, நாளைக்கே இப்படி எழுதுங்கள். முதன்மை வெளிச்சம் எது, இரண்டாவது எது என்று எழுத்தில் உறுதி செய்யச் சொல்லுங்கள். வழக்கமாக டி65-உம், கடை வெளிச்சத்துக்காக டிஎல்84-உம் இருக்கும். பாலியஸ்டர் துண்டுக்குப் பருத்தியில் எல்லா வெளிச்சத்திலும் பொருத்தம் வராது என்பதைத் தெளிவாகச் சொல்லி, பருத்தி பேண்டோன் எண் ஒன்றைக் கேளுங்கள். ஆய்வகத்திடம் வேறு சாயங்கள் மூன்றைக் கூட்டி ஒரு டிப் போடச் சொல்லுங்கள். பழைய ரெசிபியிலேயே சிவப்பைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தால் இது முடியாது.

பெர்லின் தமிழ் | இரவு 9.55
இங்கே இருப்பதால் ஒரு தகவல். கொரோனாவால் 2021 நவம்பர் 24 முதல் அலுவலக வேலை செய்பவர்களுக்கு வீட்டிலிருந்து வேலை செய்யும் வாய்ப்பை நிறுவனம் கொடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். ஆனால் வீட்டில் செய்யவே முடியாத வேலை என்றால் விலக்கு உண்டு. தடுப்பூசி போட்டவர், நோயிலிருந்து மீண்டவர், சோதனை செய்தவர் என்ற சான்றோடு அலுவலகம் போகலாம். லைட் பாக்ஸில் ஷேடு பார்ப்பது வீட்டில் செய்யக்கூடிய வேலையல்ல. ஒரு நாள் அலுவலகம் சென்று பார்க்க முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். இங்கே நேரடியாகக் கேட்பதை யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நொய்யல்கரை | டிசம்பர் 9, காலை 7.40
நல்ல யோசனை. கூடவே இதையும் செய்யுங்கள். டிப் அவர்கள் கையில் சேர்ந்த தேதி, கருத்து வந்த தேதி இரண்டையும் அட்டவணையாக்கி மின்னஞ்சலில் பதிவு செய்து, டெலிவரி தேதி நீட்டிப்பை இப்போதே கேளுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் விமானச் சரக்குக் கட்டணம் உங்கள் மேல் விழும். அந்தத் தொகை இந்த ஆர்டரின் லாபத்தை மொத்தமாகத் தின்றுவிடும்.

அவிநாசி சாலை | காலை 8.15
நொய்யல்கரை சொன்னதில் ஒரு திருத்தம். பணம் எல்.சி.யில் (பையரின் வங்கி தரும் பண உறுதிக் கடிதம்) என்றால் மின்னஞ்சலில் தந்த நீட்டிப்பு செல்லாது. எல்.சி.யில் கடைசி ஷிப்மென்ட் தேதியைத் திருத்தி வாங்க வேண்டும். வங்கி எல்.சி.யையும் ஆவணத்தையும்தான் பார்க்கும், உங்கள் கடிதப் போக்குவரத்தைப் பார்க்காது. எல்.சி.யா, டி.பி.யா (பணம் கட்டி ஆவணம் பெறும் முறை) என்று இவர் சொல்லவில்லை. இதையாவது முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

கரூர்த்தறி | காலை 8.40
இதில் ஐயா சொல்வது முழுக்கச் சரி. எங்கள் ஊரில் ஒருவர் இதே காரணத்தால் ஆவண முரண்பாட்டில் சிக்கினார், பையர் தள்ளுபடி கேட்டுத்தான் பணம் கொடுத்தார்.

நூல்முனை | டிசம்பர் 16, இரவு 10.20
டிசைனர் நேற்று அலுவலகம் போய் லைட் பாக்ஸில் பார்த்தார். புதுக் கூட்டில் போட்ட பி ஆப்ஷன் டி65-இல் ஒப்புதல். டிஎல்84-இல் லேசான வித்தியாசத்தை ஏற்றுக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நாளை பல்க் சாயம். அனைவருக்கும் நன்றி, வண்ணக்கூடம் அண்ணாவுக்குத் தனி நன்றி.

வண்ணக்கூடம் | டிசம்பர் 17, காலை 6.50
மகிழ்ச்சி. முதல் பேட்ச் சாயத் துணியிலிருந்து ஒரு துண்டு வெட்டி, பல்க் முழுவதும் ஓடுவதற்கு முன் அதே அலுவலக முகவரிக்கு அனுப்புங்கள், வீட்டுக்கு வேண்டாம். எந்தக் கூட்டு ஒத்துவந்தது என்று எழுதினால் மற்றவர்களுக்கும் உதவும்.

நொய்யல்கரை | காலை 9.00
பல்க் ஓடும்போது உப்புநீர் அறிக்கையை மறக்காதீர்கள்.

ஈரோடு மஞ்சள் | 2022 ஜனவரி 4, மாலை 5.12
எனக்கும் இதே சிக்கல், டென்மார்க் பையர், காக்கி ஷேடு. நூல்முனை, அந்தச் சாயக் கூட்டு என்ன? எல்.சி. தேதியையும் திருத்தி வாங்கினீர்களா?