நிமித்தப் பிரசங்கமா, தருணப் பிரசங்கமா?

வணக்கம்.

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் திருச்சபைக் குருமார் பொதுவாழ்வில் வகித்த இடம் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 'ஆக்கேஷனல் செர்மன்' என்ற தொடர் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அகராதியை நம்பி 'அவ்வப்போதைய பிரசங்கம்' என்று போட்டேன். திரும்பப் படித்தால், குருவானவர் தமக்குத் தோன்றியபோதெல்லாம் ஏதோ பேசிவிட்டுப் போனது போல இருக்கிறது. 'தருணப் பிரசங்கம்', 'மறையுரை' என்று இரண்டு மாற்றுகள் கைவசம் உள்ளன. குழுவின் கருத்து என்ன?

* * *

நண்பருக்கு,

'அவ்வப்போது' வேண்டவே வேண்டாம். முதலாம் சார்ல்ஸ் மன்னரின் தலை வெட்டப்பட்ட ஜனவரி 30க்கு ஜெபப் புத்தகத்திலேயே தனி வழிபாடு இருந்தது. 1859இல்தான் அதை நீக்கினார்கள். அந்த நாளில் பாராளுமன்றத்தின் பிரபுக்கள் அவைக்கும் காமன்ஸ் அவைக்கும் தனித்தனிப் பிரசங்கம் நடக்கும். மே 29 (இரண்டாம் சார்ல்ஸ் அரியணைக்குத் திரும்பிய நாள்), நவம்பர் 5 (பாராளுமன்றத்தைத் தகர்க்கத் தீட்டிய வெடிமருந்துச் சதி முறிந்த நாள்) ஆகியவையும் அப்படித்தான். ஆண்டு தவறாமல் வருவதை அவ்வப்போது என்று எப்படிச் சொல்வது?

இங்கே 'ஆக்கேஷன்' என்பது எத்தனை முறை என்பதைச் சொல்லவில்லை, எதை முன்னிட்டு என்பதைச் சொல்கிறது. லிஸ்பன் பூகம்பத்தை முன்னிட்டு 1756 பிப்ரவரி 6 அன்று நாடு முழுக்க உபவாசம். அன்று நடந்தது ஒரு வகை. ஏழைப் பிள்ளைகளுக்கான தரும பள்ளிகளுக்குக் காணிக்கை திரட்ட நடந்தது இன்னொரு வகை. ஊர் ஊராகச் சுற்றி வந்து விசாரிக்கும் நீதிபதிகள் வழக்குகளைத் தொடங்குமுன் கேட்டது மற்றொன்று. நாவலாசிரியரும் குருவுமான லாரன்ஸ் ஸ்டெர்ன் 1750இல் யார்க் பேராலயத்தில் நீதிபதிகள் முன் மனசாட்சியைப் பற்றிப் பேசினார். பிறகு அதையே தன் நாவலில் நுழைத்து, ஒரு பாத்திரத்தைச் சத்தமாக வாசிக்கவும் வைத்துவிட்டார். சிக்கனமான மனிதர்.

நம் கோயில்களில் இதற்குச் சொல் தயாராக இருக்கிறது. அன்றாடப் பூஜை நித்தியம். ஒன்றை முன்னிட்டு நடப்பது நைமித்திகம். ஆண்டுத் திருவிழாவும் நைமித்திகத்தில்தான் சேரும். எனவே 'நிமித்தப் பிரசங்கம்' என்கிறேன். 'நைமித்திக' என்றே வைத்தால் வாய் வலிக்கும்.

எதிர்ப்பக்கம் இருப்பது ஞாயிறு பிரசங்கம். அதில் பெரிய சுவாரஸ்யம் கிடையாது. குருமார் பலர் பேராயர் டில்லட்சன் போன்றோரின் அச்சுப் பிரசங்கங்களைப் பார்த்து வாசித்தார்கள். ஜான் டிரஸ்லர் என்ற குரு 1769இல் ஊர் ஊராகச் சுற்றறிக்கை அனுப்பினார்: கையெழுத்து போலவே தோன்றும் அச்சில் பிரசங்கங்கள், ஒன்று ஒரு ஷில்லிங். கீழே உட்கார்ந்திருப்பவர்கள் சொந்தச் சரக்கு என்று நம்ப வேண்டுமே!

'மறையுரை' கத்தோலிக்கத் திருப்பலியை நினைவூட்டும். சி.எஸ்.ஐ. பக்கம் பிரசங்கம் என்பார்கள், இப்போது 'செய்தி' என்றும் சொல்கிறார்கள். இந்தக் காலத்துக்குப் பிரசங்கமே சரி.

* * *

நிமித்தம் என்றதும் எனக்குப் பல்லி விழுந்த பலன்தான் நினைவுக்கு வருகிறது. தவிர, கோயில் ஆகமச் சொல்லை ஆங்கிலிக்கன் சபைக்கு மாட்டுவது நெருடுகிறது. 'தருணம்' பொதுச்சொல்தானே?

* * *

'அலுவல் நிமித்தம் வெளியூர் போனார்' என்று படிக்கும்போது யாரும் பல்லியைத் தேடுவதில்லை. கோயில் சொல் என்பதும் தடையாகத் தோன்றவில்லை. பிரதிஷ்டை, ஆராதனை, உபவாசம் எல்லாம் சபைத் தமிழில் ஏற்கெனவே புழங்குகின்றன.

தருணம் நேரத்தை மட்டும் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. ஹென்றி சாக்கெவெரல் என்ற ஆங்கிலிக்கன் குருவின் கதையைப் பாருங்கள். 1709 நவம்பர் 5, லண்டன் புனித பவுல் பேராலயம், எதிரே நகர மேயர். வெடிமருந்துச் சதி முறிந்ததற்கும் 1688இல் பின்னாளில் மன்னரான வில்லியம் இங்கிலாந்தில் வந்து இறங்கியதற்கும் நன்றி சொல்ல வேண்டிய நாள். இவரோ சபைக்கு உள்ளேயே போலிச் சகோதரர்கள் இருக்கிறார்கள் என்று முழங்கினார். ஆல்டர்மன்கள் என்ற நகர மன்ற மூத்த உறுப்பினர்கள் அச்சிடச் சம்மதிக்கவில்லை. ஆனாலும் அச்சுக்குப் போனது, ஏறத்தாழ ஒரு லட்சம் பிரதிகள் விற்றதாக மதிப்பிடுகிறார்கள். காமன்ஸ் அவை அவர்மேல் குற்றம் சாட்ட, 1710இல் பிரபுக்கள் முன் விசாரணை. மார்ச் 1 இரவு பிரிவினைச் சபையாரின் (ஆங்கிலிக்கன் சபையில் சேராத புராட்டஸ்டண்டுகளின்) கூடங்களை அவருடைய ஆதரவாளர்கள் சூறையாடினார்கள். தண்டனை மூன்றாண்டு பிரசங்கத் தடை. அச்சுப் பிரதியைத் தூக்கிலிடுபவர் கையால் எரித்தார்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் சாக்கெவெரலை ஆதரித்த டோரி கட்சியார் அள்ளிக்கொண்டு போனார்கள். நவம்பர் 5 எதற்கான நாள் என்பது பிரசங்கத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும். இவர் அதைத் திருப்பிவிட்டார் என்பதுதான் விவகாரமே. நிமித்தம் என்ற சொல் இல்லாவிட்டால் வாசகருக்கு அது பிடிபடாது.

1793 ஜனவரி 30இல் பிஷப் ஹார்ஸ்லி வெஸ்ட்மின்ஸ்டரில் பிரபுக்கள் முன் பேசியதும் அப்படியே. நாள் என்னவோ சார்ல்ஸுடையது. பாரிஸில் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியின் தலை விழுந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அவர் முடிவுரையைத் தொடங்கியதும் அவையே எழுந்து நின்றது.

* * *

சரி, நிமித்தம் என்றே மாற்றிவிடுகிறேன். ஆனால் இதே கட்டுரையில் 'ஆக்கேஷனல் கன்ஃபார்மிட்டி' வருகிறதே, அதுவும் நிமித்தமா?

* * *

அங்கே மட்டும் உங்கள் பழைய 'அவ்வப்போது' சரி! அக்காலத்தில் அரசுப் பதவி வேண்டுமானால் ஆங்கிலிக்கன் சபையில் திருவிருந்து எடுத்திருக்க வேண்டும். பிரிவினைச் சபையார் சிலர் எப்போதாவது வந்து எடுத்துவிட்டுத் தங்கள் கூடத்துக்கே திரும்பிவிடுவார்கள். 1711இல் அதைத் தடுக்கச் சட்டம் போட்டு, 1719இல் நீக்கினார்கள். சாக்கெவெரல் திட்டிய போலிச் சகோதரர்களில் இவர்களும் உண்டு.

'ஒப்புக்கு இசைதல்' என்று எழுதக் கை பரபரக்கிறது. ஆனால் அது சாக்கெவெரல் கட்சியின் ஏளனம். சகோதர உணர்வால், உண்மையான நம்பிக்கையோடு வந்தவர்களும் இருந்தார்கள். 'இடையிடை இசைவு' போதும். நீதிபதிகள் கேட்டதற்கு 'சுற்றுநீதிமன்றப் பிரசங்கம்' என்று போடுங்கள். கொஞ்சம் நீளம்தான், சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் இதே இழையில் எழுதவும்.