வரையாட்டுப் புழுக்கை டிஎன்ஏ: மைக்ரோசாட்டலைட் வரவே மாட்டேன் என்கிறது

பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கிலும் தெற்கிலும் வாழும் வரையாடுகளை மரபணு வழியாக ஒப்பிட முயல்கிறேன். நீலகிரியின் முக்குருத்தியில் எடுத்த புழுக்கை மாதிரிகளில் சிக்கிவிட்டேன். சைட்டோகுரோம் பி (மைட்டோகாண்ட்ரியா மரபணு) வருகிறது, மைக்ரோசாட்டலைட் (உட்கரு டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் குறுந்தொடர்) எதுவுமே வரவில்லை.

டிசம்பரில் எடுத்த புழுக்கைகள். 95% எத்தனாலில், மைனஸ் 20 டிகிரியில் இருக்கின்றன. மலத்துக்கான கிட்டில்தான் டிஎன்ஏவைப் பிரித்தேன். டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆரில், தடுப்பைக் குறைக்கும் பிஎஸ்ஏ என்ற புரதத்தைச் சேர்த்தும், சுழற்சிகளைக் கூட்டியும் பார்த்தாயிற்று. ரத்த டிஎன்ஏ கண்ட்ரோல் நன்றாக வருகிறது, ஆனால் அதில் புழுக்கையிலிருந்து பிரித்த சாற்றைக் கொஞ்சம் கலந்தால் அதுவும் நின்றுவிடுகிறது. புல், இலைகளின் பாலிஃபீனால்தான் தடுக்கிறது என்று நினைக்கிறேன். 10 மடங்கு நீர்த்தால் தடுப்பு போகிறது, அப்புறம் உட்கரு டிஎன்ஏ போதவில்லை. மறுபடி சேகரிக்க வன அனுமதி வேண்டும். இருக்கிற ஒவ்வொரு புழுக்கையும் எனக்கு முக்கியம்.

எத்தனாலில் கிடந்த புழுக்கையின் மேல்தோலை மட்டும் சுரண்டி எடுத்து, மான், ஆடு வகைகளில் யாருக்காவது மைக்ரோசாட்டலைட் வந்திருக்கிறதா?