ஜான் பபிள்ஸின் குதிகால் தாளம்: உதவி வேண்டும்

வணக்கம். பழைய அமெரிக்கப் படங்களைப் பார்த்து டாப் நடனம் (உலோகத் தகடு பதித்த காலணியால் தரையைத் தட்டித் தாளம் எழுப்பும் ஆட்டம்) பழகி வருகிறேன். 1943இல் வந்த 'ஸ்டார்மி வெதர்' படத்தில் நிக்கோலஸ் சகோதரர்கள் ஒருவர் தலைக்கு மேல் ஒருவர் தாவி, கால் விரித்தபடியே படிக்கட்டில் இறங்குவார்களே, அதை எத்தனை முறை பார்த்தாலும் மலைப்பு தீரவில்லை. கேமரா முழு உடம்பையும் காட்டுவதால் ஓரளவு பிடிபடுகிறது.

சிக்கல் ஜான் பபிள்ஸ் என்ற டாப் கலைஞரிடம்தான். இன்னொரு புகழ்பெற்ற டாப் கலைஞரான பில் ராபின்சன் பெரும்பாலும் முன்பாதத்தில் ஆடுவார்; பபிள்ஸ் குதிகாலையும் இறக்கி தாளத்தையே மாற்றிவிட்டார். அதே ஆண்டின் 'கேபின் இன் த ஸ்கை'யில் அவர் ஆடுகிறார், ஆனால் அந்தக் குதிகால் அடிகளை என்னால் எண்ண முடியவில்லை.

அவர் பாதம் தெளிவாகத் தெரியும் வேறு படம் எது? 1937இன் 'வார்சிட்டி ஷோ' பார்த்தவர்கள் சொல்லுங்களேன். அப்புறம், டாப் தெரிந்த யாராவது அந்த அடிகளைச் சொற்கட்டாக எழுதித் தந்தால் பெரிய உதவி.